விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தோம்

பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் காலையிலிருந்து ஃபாயில் விரிக்கிறார்கள். புதிதாகப் போட்ட தகரக் கூரைக்கு அடியில் ஒட்டுவதற்கு, ஒரு பக்கம் கண்ணாடிபோல் மினுங்கும் அந்த அலுமினியத் தாள். இரண்டு பேர் சுருளைப் பிடித்து இழுக்கும்போது எழும் சரசரப்பு என் மேசை வரைக்கும் கேட்கிறது. எழுதிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். சாத்திய பிறகும் கேட்டது.

இந்த ஊரில் அந்தத் தாளை எல்லோரும் சூட்டை வெளியே நிறுத்தத்தான் வாங்குகிறார்கள். சூட்டை உள்ளே நிறுத்துவதற்காக அதை வீட்டுக்குக் கொண்டுவந்தவர், எனக்குத் தெரிந்து, நீர் ஒருவர்தான்.

நாம் கடிதம் எழுதிக்கொண்டவர்கள் இல்லை. நீர் வலியசாலையில், நான் ஸ்ரீவராகத்தில். சொல்ல ஏதாவது இருந்தால் சைக்கிளை எடுத்தால் போதும். அதனால் உம்மை எப்படி விளித்து எழுதுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. பேச்சில் கூப்பிட்டபடியே கூப்பிடுகிறேன். ஓய், கேளும். நடந்ததை நடந்த வரிசையில் ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும். பிறருடைய விபத்துகளை வாழ்நாள் முழுக்க அப்படித்தான் எழுதினேன். உம்முடையதை மட்டும் அப்படி எழுதவில்லை.

உம்மை முதலில் பார்த்தது ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில், கணினிக் கம்பெனிகளுக்கான கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தபோது. செய்தி எடுக்க வந்த என்னிடம் எல்லோரும் எத்தனை மாடி, எத்தனை பேருக்கு வேலை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நீர் மட்டும் சாரத்தின் மேல் ஏறி, குளிர்காற்று போகும் பெரிய தகரக் குழாய்க்கு மினுக்குத் தாள் போர்த்திக்கொண்டிருந்த நான்கு பேரைத் தமிழிலும் மலையாளத்திலும் மாறிமாறித் திட்டிக்கொண்டிருந்தீர். கீழே ஒரு பலகையில் இரண்டு மொழியிலும் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தது: மேலே கை வைப்பதற்கு முன் கீழே சுவிட்சை அணை. எழுதியது நீர்தான் என்று பிறகு தெரிந்தது. முந்தின வேலையிடத்தில் ஓர் ஆளுக்கு ஷாக் அடித்துக் கை மடங்கிப்போனதாகச் சொன்னீர். அதற்குப் பிறகு ஒரு பல்பைத் துடைப்பதென்றாலும் முதலில் உமது கை சுவிட்சுக்குத்தான் போகும். அந்தப் பழக்கத்தை நான் எவ்வளவு மெச்சினேன் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

"சப்பாத்தி சுத்தற தாளுக்கா இவ்வளவு சத்தம் போடறீர்?" என்று கேட்டேன்.

"சப்பாத்தி என்னைக்காவது புகார் சொல்லித்தா? ஏசி மெஷின் சொல்லும்." இறங்கி வந்து ஒரு துண்டைக் கிழித்து என் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தீர். தாள் என் மேல் படவில்லை. ஆனாலும் கன்னத்தில் என்னுடைய சூடே திரும்பி வந்து உறைத்தது. "பாத்தீரா? உம்ம சூடு உமக்கே திரும்பி வரது. ஆனா ஒரு நிபந்தனையாக்கும். பளபளப்பு காத்தைத்தான் பாக்கணும். ரெண்டு விரல் இடம் விடணும். எதையாவது தொட்டுதோ, அப்புறம் அது வெறும் தகரம்."

எதையாவது தொட்டுதோ. இதை அப்போது குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அச்சில் வரவில்லை. இடம் போதவில்லை.

பதிமூன்று வருஷம் காத்திருந்த பிறகு உமக்கும் ஜானகி மன்னிக்கும் அந்தக் குழந்தை பிறந்தது. எட்டாம் மாதம் தொடங்கும்போதே பிறந்துவிட்டது. மிதுன மாதம், நம் ஆனி, நல்ல மழை. ஒன்றரைக் கிலோகூட இல்லை. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் சில வாரம் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா உம்மிடம் சொன்னது ஒன்றுதான்: "சூடு போகாதெ நோக்கணே. மழையாணு." சூடு போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நீர் அதைக் கேட்டுக்கொண்ட விதம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பயந்த தகப்பனாகக் கேட்கவில்லை. உமக்குத் தெரிந்த வேலையைத்தான் கொடுத்திருக்கிறார்கள் என்பதுபோல் தலையாட்டினீர்.

உமது வீட்டு உள்ளறை ஓட்டுக்கூரை. மழைக்காற்று ஓட்டு இடுக்கில் நுழைந்து நேராகத் தரைக்கு இறங்கும். வேலையிடத்திலிருந்து உஷ்ணமானி கொண்டுவந்து மூலைமூலையாக வைத்துப் பார்த்தீர். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மிஞ்சிய ஃபாயில் சுருள் ஒன்றைக் கேட்டு வாங்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தீர். கைமரங்களுக்குக் குறுக்கே ரீப்பர் என்கிற மெல்லிய மரச்சட்டங்கள் வைத்து, அதன்மேல் தாளை இழுத்து ஆணியடித்து, சுவரோரம் இரண்டு விரல் இடம் விட்டு, மினுக்குப் பக்கம் கீழே தொட்டிலைப் பார்க்கும்படி அமைத்தீர். சூட்டுக்கு ஒரு மூலையில் இருநூறு வாட் பல்பு, தகர மூடி போட்டு. அது இரவும் பகலும் எரியும்.

சுருளின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்ததும் நான்தான். உமது வாயில் நான்கு, என் உள்ளங்கையில் மிச்சம். கைமரத்தின் மேல்பக்கமாக, துணி சுற்றிய பழைய ஒயர் மரப்பட்டியில் ஓடிக்கொண்டிருந்தது. கீழேயிருந்து பார்த்தால் தெரியாது. மெயினை அணைத்துவிட்டுத்தான் வேலை செய்தீர். அதில் ஒரு குறையும் இல்லை. மெயின் அணைந்திருந்ததால், எந்த ஆணி எதில் இறங்கியது என்று அன்றைக்கு எதுவும் நமக்குச் சொல்லவில்லை.

விளக்கைப் போட்டதும் அறை முழுவதும் நெய் நிறத்தில் நிறைந்தது. மன்னி குழந்தையை நெஞ்சோடு சேர்த்து அணைத்தபடி வாசற்படியில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"என்னன்னா இது, ஜ்வெல்லரி கடை மாதிரி!"

"உம்ம பொண்ணு தங்கமாச்சே" என்று நான் சொன்னேன்.

அப்போது உமது பெரியக்கா வந்தாள். பிரசவத்துக்கு உதவியாக வந்து தங்கியிருந்தவள். விடியுமுன் குளித்து, யாரும் தொடாத மடிப்புடவை கட்டிக்கொண்டு, அதோடுதான் அடுப்படிக்குள் நுழைவாள். நனைத்த புடவையைக் கொடியில் போடுவதும் எடுப்பதும் நீண்ட மூங்கில் கோலால். அவள் கை படுவதுகூட அது காய்ந்து இறங்கிய பிறகுதான். பிறர் கை பட்டால் மறுபடி நனைக்க வேண்டும். அந்தக் கொடி எத்தனையோ வருஷமாக உள்ளறையில்தான் தொங்கியது. கயிற்றில் கட்டிய பருத்த மூங்கில். வேலைக்கு இடைஞ்சல் என்று அதைக் கழற்றிக் கொல்லையில் சாத்தியிருந்தீர்.

"மூங்கிலை எங்கேடா கொண்டுபோய் வெச்சே?"

"அது தாளைக் கிழிச்சுடும் அக்கா. பைப்பு போட்டுத் தரேன். ஏசி டக்டு தொங்கற கம்பியாக்கும், ஆனையைத் தொங்கவிடலாம்."

"எனக்கு ஆனை வேண்டாம். புடவை நின்னா மதி, அவ்வளவு போதும்."

இரண்டு இரும்புக் கம்பிகளைத் தாளைத் துளைத்து மேலே உத்தரத்தில் மாட்டி, அதில் வழுவழுப்பான ஒரு பைப்பைத் தொங்கவிட்டீர். அக்கா கோலால் புடவையைத் தூக்கிப் போட்டுப் பார்த்தாள். அது ஒரு சாண் சரிந்து நின்றது.

"வழுக்கறதுடா."

"பழகிடும்." பிறகு என் பக்கம் திரும்பிக் கண்ணைச் சிமிட்டினீர். "இந்தத் தாளும் அக்காவும் ஒரே ஜாதி ஓய். யாரும் தொடப்படாது. தொட்டா போச்சு."

அக்கா உட்பட எல்லோரும் சிரித்தோம். குழந்தை தும்மியது. அந்தச் சிரிப்பு எவ்வளவு நேரம் நீடித்தது என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியும்.

அறை நன்றாகவே வேலை செய்தது. அதையும் எழுத வேண்டும். வெளியே மழை கொட்டும்போது உள்ளே போனால் முதுகில் கை வைத்ததுபோல் கதகதப்பு. குழந்தையின் பாதம் நீலம் மாறிச் சிவந்தது. இரண்டாவது வாரத்தில் எடை ஏறியது. அம்மு என்று கூப்பிட ஆரம்பித்தீர்கள். ஆடி மழையில் ஊரில் யார் வீட்டிலும் துணி காயாதபோது உமது வீட்டில் மட்டும் காய்ந்தது. அக்காவே ஒருநாள் "தகரமானாலும் நன்னா இருக்கு" என்று ஒப்புக்கொண்டாள்.

பல்லிகள் அந்த வாரத்தில்தான் தொடங்கின.

ஜன்னல் பக்கச் சுவரோரம், தரையில், செத்த பல்லி ஒன்று. இரண்டு நாள் கழித்து நான் வந்தபோது அதே இடத்தில் இன்னொன்று. மழையில் அந்தச் சுவர் எப்போதும் ஈரம் பாரித்திருக்கும். தாளின் விளிம்புக்கும் ஈரச்சுவருக்கும் இடையே நீர் விட்ட இரண்டு விரல் இடைவெளி, ஒரு பல்லி ஒரு காலை இங்கும் ஒரு காலை அங்கும் வைக்கிற தூரம். இதை இன்று எழுதுகிறேன். அன்று அப்படி யோசிக்கவில்லை. அக்கா பஞ்சாங்கத்தை எடுத்துவந்து பல்லி விழும் பலனைப் பார்த்தாள்.

"தலைக்குப் போட்டிருக்கு, தோளுக்குப் போட்டிருக்கு. தரைல விழுந்தா பலன் போடலையே."

"தரைல விழுந்தா பல்லிக்குத்தான் பலன்" என்றீர்.

"பாவம், சூடு தாங்கலை போலிருக்கு" என்றாள் மன்னி.

எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. பல்லி சூட்டைத் தேடிப் போகிற ஜந்து. வீட்டுக்குத் திரும்பி, சட்டசபைச் செய்திக்கான குறிப்புகளுக்கு நடுவே, பக்கத்தின் ஓரத்தில் எழுதி வைத்தேன்: பல்லி 2, ஜன்னல் சுவர், தரை. ஏன்? அந்தக் குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. கேள்விக்குறியைச் சற்று அழுத்தியே போட்டிருக்கிறேன். அழுத்திப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன்.

அடுத்த வாரம் ஒரு மாலை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, சொட்டுகிற குடையோடு உள்ளே வந்தேன். தாள் ஓரிடத்தில் தொய்ந்திருந்தது. "ஓய், அங்கே தொங்கறது பாரும்" என்று குடையின் நுனியால் சுட்டிக் காட்டினேன். நுனி தாளில் பட்டது. முழங்கை வரைக்கும் யாரோ ஊசி ஏற்றியதுபோல் சுரீரென்றது. குடையைக் கீழே போட்டுவிட்டேன்.

"உம்ம தாள் என்னைக் கடிச்சுது."

நீர் சிரிக்கவில்லை. அதை நான் பதிவு செய்தாக வேண்டும். உம்மை அசட்டையான மனிதர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. உடனே எழுந்தீர். முதலில் கை சுவிட்சுக்குப் போயிற்று. பல்பு அணைந்தது. முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினீர். சட்டைப் பையில் எப்போதும் செருகியிருக்கும் டெஸ்டரை எடுத்து, தலைப்பாகத்தில் விரலை வைத்துக்கொண்டு, தாளின் நான்கு மூலையிலும், நடுவிலும், தொய்ந்த இடத்திலும், பைப்பு தொங்கும் கம்பிகளிலும் தொட்டுத் தொட்டுப் பார்த்தீர். டெஸ்டருக்குள் இருக்கும் அந்தச் சின்ன சிவப்பு விளக்கு ஒரு தடவைகூட எரியவில்லை.

"பாத்தீரா? ஒண்ணுமில்லை."

"நான் பொய்யா சொல்றேன்?"

"பொய்யில்லை ஓய். வயசு. பத்திரிகைக்காராளுக்கு நரம்புதானே முதல்ல போகும்." இறங்கி, சுவிட்சைப் போட்டீர். அறை மறுபடி நெய் நிறமாயிற்று. மன்னி சிரித்துக்கொண்டே எனக்குக் காப்பி கொண்டுவந்தாள்.

நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். உமது கை சுவிட்சுக்குப் போனதைப் பார்த்தேன். பல்பு அணைந்ததைப் பார்த்தேன். அணைந்த நிலையில் சோதித்ததைப் பார்த்தேன். சோதித்து முடித்த பிறகு பல்பு மறுபடி எரிந்ததையும் பார்த்தேன். இவ்வளவையும் வரிசையாகப் பார்த்த ஒருவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்க வேண்டும்: எரியும்போது ஒருமுறை பார்க்கலாமே? மந்திரிகளிடமும் போலீஸ்காரர்களிடமும் அடுத்த கேள்வியைக் கேட்டுக் கேட்டே பிழைத்தவன் நான். அன்றைக்குக் காப்பியில் சர்க்கரை குறைவு என்று சொன்னேன்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

நான்காவது நாளாக மழை விடவில்லை. மூன்று மணி இருக்கும். நான் வந்தபோது நீர் உள்ளறையில் வெறுங்காலோடு பழந்துணியால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தீர். ஓர் ஓடு நகர்ந்து, தாளின் இணைப்பு வழியாகச் சொட்டு விழுந்திருந்தது, சரியாகத் தொட்டில் நிற்கும் இடத்தில். "ஒரு கை பிடியும்" என்றீர். கால் வைத்த மரத்தொட்டில். தூங்கும் குழந்தையோடு அதை இருவரும் தூக்கி அறையின் நடுவே, பைப்புக்கு நேர் கீழே கொண்டுபோய் வைத்தோம். அங்கேதான் சொட்டு விழவில்லை. பைப்பில் அக்காவின் ஒன்பது கஜம் அரை மணிக்கு முன்புதான் போட்டது. நுனியில் தண்ணீர் திரண்டிருந்தது. நீர் மறுபடி தரையைத் துடைக்கக் குனிந்தீர். நான் நாலெட்டு பின்னால் வந்து வாசற்படியில் உட்கார்ந்தேன்.

புடவை சரிந்தது. மூங்கிலாக இருந்தால் பிடித்து நிறுத்தியிருக்கும். ஒரு சாண், இன்னொரு சாண், பிறகு ஒரு தலைப்பு கனத்தோடு தொட்டிலுக்கு நேராக இறங்கத் தொடங்கியது. அடுப்படியிலிருந்து அக்காதான் முதலில் பார்த்தாள்.

"டேய், மடி! தொடாதே! இரு, கோல் கொண்டுவரேன்!"

நீர் காத்திருக்கவில்லை. ஈரப் புடவை குழந்தைமேல் விழப்போகிறது. சூடு போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உமது மனத்தில் வேறொன்றும் இருந்திருக்காது. எழுந்து இரண்டு கையாலும் அதைப் பிடித்தீர். பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் நீர் தொடாத துணியை அன்றைக்குத்தான் தொட்டீர்.

சத்தமே இல்லை. புடவையைத் தாங்கிப் பிடித்தபடி நிற்கிறீர் என்றுதான் முதலில் நினைத்தேன். அக்காகூட, "தொட்டுட்டியா? சரி விடு, நனைச்சுக்கறேன்" என்றாள். விடவில்லை நீர். விட முடியவில்லை. உமது முகம் என் பக்கம் இருந்தது. ஓய், அதை மட்டும் நான் எழுதப் போவதில்லை.

அக்காவின் கையிலிருந்த கோலைப் பிடுங்கி உமது கையின் மேலேயே ஓங்கி அடித்தேன். மூன்றாவது அடியில் புடவையோடு சாய்ந்தீர். அடுத்த வீட்டுப் பையன்கள் ஓடிவந்தார்கள், மெயினை அணைத்தார்கள், ஆட்டோ வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளுவதற்கு முன்பே டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தார்.

குழந்தை அழவே இல்லை என்று மன்னி பிற்பாடு சொன்னாள். விழித்துக்கொண்டு, மேலே தாளில் ஆடிய வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்ததாம்.

மறுநாள் ஒயரிங் பார்க்கிறவர் வந்தார், சாலைக் கடைத்தெருவிலிருந்து. ஏணி போட்டு ஏறி, தாளை விலக்கி, வெகுநேரம் மேலேயே இருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு டார்ச் அடித்துக் காட்டினார். ரீப்பர் வழியாக இறங்கிய ஓர் ஆணியின் முனை பழைய ஒயரின் துணியைத் துளைத்து உள்ளே உட்கார்ந்திருந்தது. சுவிட்சிலிருந்து அந்த இருநூறு வாட் பல்புக்குப் போகும் ஒயர். ஆணியின் தலை தாளில். தாள் கம்பியில். கம்பி பைப்பில். பைப்பு புடவையில்.

"சுவிச்சிட்டாலே வரூ சாரே" என்றார். "கெடுத்தியால் இல்ல."

விளக்கைப் போட்டால்தான் வரும். அணைத்தால் இராது. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "டெஸ்டர் போட்டு நோக்கியில்லே?" என்று அவர் கேட்டார். பார்த்தார் என்றேன். "பின்னெ?" என்றார். பின்னெ என்ன என்று எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லவில்லை.

அத்தனை நாள் யாருக்கும் ஒன்றும் ஆகாததன் காரணமும் அப்போதுதான் புரிந்தது. அக்காவின் காய்ந்த மூங்கில் கோல். யாரும் தொடக் கூடாது என்ற அந்தக் கட்டு. அது உங்கள் எல்லோரையும் காப்பாற்றிக்கொண்டே இருந்தது. காப்பாற்றியதால் மறைத்துக்கொண்டும் இருந்தது. தினமும் அந்த ஈரத்துக்குள் மின்சாரம் நின்று காத்திருந்தது. தொடக்கூடியவர் ஒருவர் வர வேண்டியிருந்தது.

உம்மைப் பற்றிய செய்தியை எழுதியதும் நான்தான். "நாலு வரி போதும், உமக்குத் தெரிஞ்சவராமே, நீரே குடுத்துடும்" என்றார்கள் டெஸ்கில். எழுதினேன். வயது, தெரு, தொழில். ஈரத் துணியைத் தொட்டபோது எதிர்பாராதவிதமாக மின்சாரம் பாய்ந்தது. இத்தகைய செய்திகளில் எப்போதும் போடும் சொல். கை தானாக எழுதிவிட்டது. அச்சில் வந்த பிறகு படித்துப் பார்த்தேன். இரண்டு பல்லி, ஒரு குடை, பத்து நாள் அவகாசம். அந்த நாலு வரியில் அந்த ஒரு சொல்தான் பொய். அதற்குப் பிறகு எந்த நிருபர் அந்தச் சொல்லோடு செய்தி கொண்டுவந்தாலும் அடித்துவிடுவேன். ஏன் என்று கேட்டால், "யார் எதிர்பார்க்கலைன்னு விசாரிச்சியா?" என்பேன். கிழவருக்குப் பைத்தியம் என்று சொல்லிக்கொள்வார்கள்.

பதின்மூன்றாம் நாள் கழிந்து மன்னி உமது டெஸ்டரை என்னிடம் கொடுத்தாள். "இதை ஆத்துல வெச்சுக்க முடியலை. நீங்க எடுத்துண்டு போங்கோ." அக்கா அதற்குள் பழைய மூங்கிலைக் கட்டச் சொல்லியிருந்தாள். தாளைப் பிரித்து எடுத்தவனும் நானே. சுருட்டிக் கட்டிய பிறகும் அது உள்ளுக்குள் சரசரத்துக்கொண்டே இருந்தது.

அம்முவுக்கு இப்போது ஒன்பது வயது. உமக்குப் பிறந்தவள் என்று சொல்லவே வேண்டாம். எதைக் கொடுத்தாலும் பிரித்துப் பார்க்கிறாள். பள்ளியில் மலையாளம், இங்கிலீஷ். தமிழ் எழுத்து தெரியாமல் போய்விடக் கூடாது என்று சனிக்கிழமைகளில் என்னிடம் அனுப்புகிறாள் மன்னி. போன சனிக்கிழமை புத்தகத்துக்குள் ஒரு தாளை மடித்துக் கொண்டுவந்தாள். மன்னியின் பீரோவிலிருந்து எடுத்தது. அந்த நாலு வரி. பழுத்துப் போயிருந்தது. விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள்.

"எ... திர்... பா... ராத... எதிர்பாராதவிதமாக. அப்படின்னா எந்தா மாமா?"

"யாரும் நினைக்காம நடக்கறது."

"அப்போ யாருக்கும் தெரியாதா? முன்னாடியே?"

மழை வலுத்திருந்தது. அவள் பாதங்கள் நாற்காலியிலிருந்து தரை எட்டாமல் ஆடிக்கொண்டிருந்தன. சிவந்த, சூடான பாதங்கள்.

"தெரியாது" என்றேன்.

அந்தப் பொய்யை இரண்டாவது தடவையாக, உமது மகளின் முகத்துக்கு நேரே சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுத் தாளை மடித்து உள்ளே வைத்தாள். உம்மைப்போலத்தான் தலையாட்டுகிறாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது நடுவில் எழுந்து பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்வந்தேன். வேலை முடிந்து ஆட்கள் சுருளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சங்கரன்கோயில் பக்கத்துக்காரர்கள். டெஸ்டர் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"பாத்தாச்சு சார். எல்லாம் சுத்தமா இருக்கு."

"லைட்டைப் போட்டுட்டுப் பாத்தீங்களா?"

மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆஃப் பண்ணிட்டுத்தானே சார் மேல கை வைக்கணும்?"

"கை வைக்க ஆஃப். பாக்கறதுக்கு ஆன்" என்றேன். எல்லா சுவிட்சையும் போடச் சொன்னேன். பகல் வெளிச்சத்தில் பல்புகள் எரிந்தன. ரப்பர் செருப்போடு ஏணியில் ஏறி, உமது டெஸ்டரைத் தாளில் வைத்தேன். ஒருவர் கீழே சிரித்தார். தாளில் என் முகம் நெளிந்து தெரிந்தது. டெஸ்டர் எரியவில்லை. இன்னொரு மூலை, இன்னொன்று. எங்கும் எரியவில்லை. இறங்கி வந்தேன். ஒன்பது வருஷமாக எந்த வீட்டுக்குப் போனாலும் இதைத்தான் செய்கிறேன். எங்கேயும் இதுவரை எரிந்ததில்லை. எரிய வேண்டிய ஒரே வீட்டில் நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

இந்த மடலை அந்தப் பழைய குறிப்பேட்டோடு சேர்த்து மேசை இழுப்பறையில் வைக்கப் போகிறேன், பூட்டாமல். நாளை சனிக்கிழமை. அம்மு வருவாள். போன மாதம்வரை ஒரு வரிக்கு நான்கு இடத்தில் நிற்பாள். இப்போது ஒரு பத்தியை ஒரே மூச்சில் வாசிக்கிறாள்.